காய்கறியின் நிறம் புற்றுநோயைத் தடுக்குமா? பீடி பிடிக்கும் அப்பாவுக்கு கரோட்டின் மாத்திரை வாங்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. அப்பாவுக்கு 61 வயது. இளவயதிலிருந்தே பீடி பிடிக்கிறார். இப்போது குறைத்திருக்கிறார், விடவில்லை. பெரியப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். இந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் வந்து, ஆரஞ்சு நிறம் நுரையீரலுக்கு, சிவப்பு புரோஸ்டேட்டுக்கு, பச்சை கல்லீரலுக்கு, ஊதா குடலுக்கு என்று ஓர் அட்டவணையைக் காட்டி, இந்த நிறங்களின் சத்தெல்லாம் அடங்கிய மாத்திரை என்று ஒன்றை விற்கப் பார்க்கிறார். எந்த நிறம் எந்தப் புற்றுநோயைத் தடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்த மாத்திரையை அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். அதில் பீட்டா கரோட்டின் இருந்தால், புகைபிடிக்கிற ஒருவருக்கு அது கெடுதல் செய்யும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அதே கேரட்டையும் தக்காளியையும் கீரையையும் சமைத்துச் சாப்பிடுவது நல்லது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் படித்தது உணவு வேதியியல். பிறகு புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் உணவு ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். மருத்துவர் அல்ல. அப்பாவின் நுரையீரல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை இங்கிருந்தபடி சொல்ல என்னால் முடியாது. அதை ஒரு நெஞ்சக மருத்துவர்தான் பார்க்க வேண்டும். நிறமிகளைப் பற்றிய ஆய்வுகள் எதை நிரூபித்திருக்கின்றன, எதை நிரூபிக்கவில்லை என்பதை மட்டும் என்னால் பொறுப்போடு சொல்ல முடியும்.

காய்கறி, பழங்களின் நிறங்களைப் பெரும்பாலும் நான்கு குடும்பத்து நிறமிகள் உண்டாக்குகின்றன. இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். கேரட், மஞ்சள் பூசணி, மாம்பழம், பப்பாளி ஆகியவற்றின் மஞ்சளும் ஆரஞ்சும், தக்காளி, தர்பூசணி, சிவப்புக் கொய்யா ஆகியவற்றின் சிவப்பும் கரோட்டினாய்டுகள். இயற்கையில் 700க்கும் மேற்பட்ட கரோட்டினாய்டுகள் அறியப்பட்டுள்ளன. நம் ரத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பவை பீட்டா கரோட்டின், லைக்கோபீன், லூட்டின் போன்ற சில மட்டுமே. நாவல் பழம், கத்தரிக்காய்த் தோல், கறுப்புத் திராட்சை ஆகியவற்றின் ஊதா அந்தோசயனின். பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியவற்றின் செந்நிறம் பீட்டாலைன் என்ற வேறொரு குடும்பம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் அந்தோசயனினும் பீட்டாலைனும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. நிறத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம் என்ற அட்டவணை இங்கேயே தடுமாறுகிறது. முருங்கைக்கீரை ஆரஞ்சு நிறத்தில் இல்லை, ஆனால் பீட்டா கரோட்டினும் லூட்டினும் நிறைந்தது. பச்சையம் அவற்றை மறைத்து நிற்கிறது. காலிஃபிளவரும் பூண்டும் வெள்ளை; ஆனால் புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் மிக அதிகமாக ஆராயப்பட்ட கந்தகச் சேர்மங்கள் அவற்றில்தான் இருக்கின்றன.

நிறமிகள் புற்றுநோயைத் தடுக்கும் என்ற எண்ணம் வியாபாரிகள் கண்டுபிடித்தது அல்ல. நேர்மையான விஞ்ஞானிகளின் நம்பிக்கை அது. 1981இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட நால்வர் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் டால். உணவில் உள்ள பீட்டா கரோட்டின் மனிதரின் புற்றுநோய் விகிதத்தைக் கணிசமாகக் குறைக்குமா என்பதுதான் அந்தக் கட்டுரையின் கேள்வி. கேள்வியாகவே கேட்டார்கள், முடிவாகச் சொல்லவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் சான்றுகள் குவிந்தன. 1992இல் வந்த ஒரு தொகுப்பு, காய்கறி பழங்களையும் புற்றுநோயையும் பற்றிய 156 ஆய்வுகளில் 128இல் பாதுகாப்புத் தன்மை தெரிந்ததாகக் காட்டியது. ஆய்வுக்கூடத்திலும் காரணம் தயாராக இருந்தது. கரோட்டினாய்டுகள் செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குகின்றன. பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. வைட்டமின் ஏ செல்களின் முறையான வளர்ச்சிக்குத் தேவை. எல்லாம் பொருந்தி வந்தது.

ஆனால் அந்த 156 ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பலவீனம் இருந்தது. புற்றுநோய் வந்தவரிடமும் வராதவரிடமும் முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு ஒப்பிட்டவை அவை. நோய் வந்தவர் தன் பழைய சாப்பாட்டை நினைவுகூர்கிற விதமே வேறு. மேலும், நிறையக் காய்கறி சாப்பிடுகிறவர்கள் பொதுவாகக் குறைவாகவே புகைக்கிறார்கள், குறைவாகக் குடிக்கிறார்கள், கையில் கொஞ்சம் வசதியும் இருக்கிறது. காய்கறியின் பலனையும் இந்த வாழ்க்கையின் பலனையும் பிரித்தெடுப்பது கடினம். இதைத் தீர்க்க ஒரே வழி, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு நிறமியையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது.

அதை ஃபின்லாந்தில் செய்தார்கள். உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடமே செய்தார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 50 முதல் 69 வயது வரையான, புகைபிடிக்கும் 29,133 ஆண்கள். பலரும் பல பத்தாண்டுகளாகத் தினமும் ஒரு பாக்கெட் அளவுக்குப் புகைத்து வந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை தொடர்ந்தது. 1994இல் முடிவு வெளியானபோது யாரும் எதிர்பார்க்காதது நடந்திருந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய்; எடுக்காதவர்களில் 402 பேருக்கு. 18 சதவீதம் அதிகம். மொத்த மரணங்களும் 8 சதவீதம் அதிகம்.

இது தற்செயலாக இருக்கலாம் என்று அப்போது பலர் வாதிட்டார்கள். வாதிட இடமும் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் இணையாக இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்கள் என 18,314 பேர். 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அதை 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியிருந்தன. அதே ஆண்டு வெளியான மூன்றாவது ஆய்வில், பெரும்பாலும் புகைக்காத 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களில் பாதிப் பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் வீதம் சுமார் 12 ஆண்டுகள் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஆக, இதில் உறுதியானது: புகைப்பவர்கள் அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் இதை வலுவான சான்று என்று வகைப்படுத்தியிருக்கிறது. புற்றுநோயைத் தடுப்பதற்காக பீட்டா கரோட்டின் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இல் மீண்டும் சொன்னது. முற்றிலும் விட்டவர்களுக்கு இந்தத் தீமை இருப்பதாக, பாதியில் நிறுத்தப்பட்ட அந்த அமெரிக்க ஆய்வில் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் அப்பா இன்னும் விடவில்லை.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு நியாயமான விளக்கம் உண்டு, ஆனால் மேலே சொன்னவற்றின் அளவுக்கு உறுதி இதற்கு இல்லை. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபெரட் என்னும் சிறு விலங்குகளுக்கு அதிக அளவு பீட்டா கரோட்டினும் சிகரெட் புகையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதரைப் போலவே கரோட்டினை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் விலங்கு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றின் நுரையீரல் திசுவில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் தோன்றின. புகையில் உள்ள ஆக்சிஜனேற்றிகள் கரோட்டின் மூலக்கூறை உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் வைட்டமின் ஏயின் கட்டுப்பாட்டு வேலையைக் குலைக்கின்றன என்று கருதப்படுகிறது. அளவும் முக்கியம். 100 கிராம் கேரட்டில் ஏறத்தாழ 5 முதல் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். அதிலும் ஒரு பகுதிதான் ரத்தத்தில் சேரும். எண்ணெயில் கரைத்து மாத்திரையாகக் கொடுத்தால் எளிதில் சேர்ந்துவிடும். ஃபின்லாந்தில் மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. வழக்கமான சாப்பாட்டில் தின்னும் கேரட்டால் அந்த அளவை எட்ட முடியாது.

இந்த ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது. பத்திரிகைகளில் அது அதிகம் வரவில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. அதே ஃபின்லாந்து ஆண்களிடம், மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எடுத்து வைத்த ரத்தத்தைச் சோதித்தார்கள். சாப்பாட்டின் மூலமாகவே பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்குப் பிற்பாடு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்திருந்தது. அதே ஆட்கள், அதே மூலக்கூறு. உணவாக வந்தபோது ஒரு திசை, மாத்திரையாக வந்தபோது எதிர்த் திசை. இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். ரத்தத்தில் உள்ள கரோட்டின், நிறையக் காய்கறி சாப்பிடுகிற ஒருவரின் அடையாளம் மட்டுமே. காக்கும் பொருள் அந்தக் காய்கறியில் உள்ள வேறொன்று, அல்லது பலவற்றின் சேர்க்கை. இல்லையென்றால், கரோட்டின் சிறிய அளவில் நல்லது, பெரிய அளவில் கெட்டது. இரண்டில் எது என்று இன்றுவரை தீரவில்லை. எதுவாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வரும் முடிவு ஒன்றுதான்: காய்கறி சரி, மாத்திரை வேண்டாம்.

நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் நடந்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுகிறவர்களுக்கு வாயின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் தோன்றும். அது சிலருக்குப் பிற்காலத்தில் வாய்ப்புற்றாக மாறும். 1997இல் வெளியான அவர்களது ஆய்வில், ஓராண்டு வைட்டமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதத்தினருக்கும் படலம் முழுமையாக மறைந்தது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நல்ல விளம்பரம் ஆகிவிடும். மாத்திரையை நிறுத்தியதும், வைட்டமின் ஏயால் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் பீட்டா கரோட்டினால் குணமானவர்களில் பாதிப் பேருக்கும் படலம் திரும்பி வந்துவிட்டது. படலம் மறைவது வேறு, புற்றுநோய் தடுக்கப்படுவது வேறு; இரண்டாவதை இந்த ஆய்வு காட்டவில்லை. வாயில் புகையிலை இருக்கும்வரை நிறமியால் நிரந்தரமாக எதையும் சரிசெய்ய முடியவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

சிவப்புக்கு வருவோம். தக்காளியின் லைக்கோபீன் புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்ற பேச்சு பெரும்பாலும் 1995இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து தொடங்குகிறது. மருத்துவத் துறையில் இருந்த சுமார் 48,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில், வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் தக்காளி வகைகள் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 35 சதவீதம் குறைவாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் எல்லாவற்றையும் பரிசீலித்து, லைக்கோபீன் மாத்திரைக்குப் புற்றுநோய் பற்றிய எந்த உரிமைகோரலையும் அனுமதிக்கவில்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியமோ 2007இல் ‘அநேகமாகப் பாதுகாக்கும்’ என்று சொல்லியிருந்ததை 2014இல் ‘முடிவு சொல்ல இயலாது’ என்று இறக்கியது. ஆகவே இது சந்தேகமான பட்டியலில் சேர்கிறது. தக்காளி நல்ல காய்தான். ஆனால் புரோஸ்டேட்டுக்கு மருந்து என்று யாரும் உறுதி தர முடியாது.

பச்சையத்தைப் பற்றிய கதை எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அதில் நிறமியின் வேலை துல்லியமாகப் புரிந்தது. சீனாவில் ஷாங்காய்க்கு அருகே, யாங்சி ஆற்றின் முகத்துவாரத்தில் சிடோங் என்ற பகுதி இருக்கிறது. கல்லீரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்த இடம். காரணங்கள் இரண்டு: ஹெபடைடிஸ் பி கிருமி, மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடிப்பதால் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு. அங்கே 180 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பச்சையத்திலிருந்து செய்யப்படும் குளோரோபில்லின் என்ற பொருளை ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு 100 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, நான்கு மாதங்கள் கொடுத்தார்கள். தட்டையான அந்த மூலக்கூறு குடலில் அஃப்ளடாக்சினோடு ஒட்டிக்கொண்டு, அது ரத்தத்தில் சேராமல் வெளியேறச் செய்கிறது. நஞ்சு மரபணுவைத் தாக்கியதற்கான அடையாளம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்திருந்தது; 2001இல் வெளியான முடிவு இது. ஆனால் குறைந்தது அடையாளம். புற்றுநோய் குறைந்ததா என்று பார்க்க நான்கு மாதம் போதாது. பின்னர் அந்தப் பகுதியில் கல்லீரல் புற்றுநோய் மரணம் உண்மையிலேயே பெரிதாகக் குறைந்தது. அதற்கு முக்கியக் காரணம் பச்சையம் அல்ல; மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள், நஞ்சு தட்டுக்கே வராமல் போயிற்று. நம் ஊரில் இந்த நஞ்சு அதிகம் வருவது வேர்க்கடலையில். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கிற கடலையை ஒன்றிரண்டுதானே என்று மென்று விழுங்காமல் துப்பிவிடுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

ஊதாவைப் பற்றி நம்பகமாகச் சொல்ல அதிகம் இல்லை. அந்தோசயனின் ஆய்வுக்கூடத்துப் புற்றுசெல்களை அழகாக அடக்குகிறது. ஆனால் நாம் விழுங்குவதில் மிகச் சிறிய பங்குதான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது, மீதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்துவிடுகின்றன. கோப்பையில் செல்லின் மேல் ஊற்றிய அளவு உடம்புக்குள் ஒருபோதும் உண்டாவதில்லை. மஞ்சளின் குர்குமினுக்கும் இதே கதைதான். குழம்பில் போடும் மஞ்சள் வேறு. மிளகுச் சாரம் சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். பீட்ரூட்டின் பீட்டாலைனுக்கு மனிதரிடம் புற்றுநோய்ச் சான்று என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீரும் மலமும் சிவக்கும், பயப்பட வேண்டாம். பீட்ரூட் சாப்பிடாதபோதும் சிவந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, நிறமியை மறந்துவிட்டுக் காய்கறி பழங்களை மொத்தமாகப் பார்த்தால்? பத்து ஐரோப்பிய நாடுகளில் 4,70,000க்கும் அதிகமானோரைத் தொடர்ந்த ஆய்வு 2010இல் சொன்னது: தினமும் 200 கிராம் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் சுமார் 3 சதவீதம் குறைவு. பழைய எதிர்பார்ப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண். சில தனித்தனிப் புற்றுகளில் தொடர்பு இதைவிட வலுவாகத் தெரிகிறது. எட்டு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் கரோட்டினாய்டு அதிகம் உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் 15 முதல் 20 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பு, காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. குடல் புற்றுநோய்க்கு எதிராக நார்ச்சத்துக்கு உள்ள சான்று இவை எல்லாவற்றையும்விடத் திடமானது. நாருக்கு நிறமே இல்லை. இவற்றோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் என்று மற்ற நன்மைகளையும் சேர்த்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினமும் 400 கிராம் காய்கறி, பழம் என்பது ஒவ்வொரு வீடும் எட்ட முயல வேண்டிய அளவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெரும்பாலான வீடுகளில் ஒரு கரண்டிப் பொரியலோடு முடிந்துவிடுகிறது.

சமையலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்று அந்த விற்பனையாளர் சொன்னாராம். கரோட்டினாய்டுகளைப் பொறுத்தவரை இது தலைகீழ். அவை செல்சுவருக்குள் புரதத்தோடு பிணைந்து கிடக்கின்றன. சூடும் மசிப்பும் அவற்றை விடுவிக்கின்றன, எண்ணெய் அவற்றைக் குடலில் கரைத்து உள்ளே சேர்க்கிறது. பச்சைத் தக்காளித் துண்டைவிட நல்லெண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்கிலிருந்து லைக்கோபீன் நன்றாகச் சேரும். கீரைக் கடைசலில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடுவதும், கேரட் பொரியலில் தேங்காய் போடுவதும் வீண் கொழுப்பு அல்ல. மூடி வைத்துச் சமைத்த கீரை பழுப்புப் பச்சையாகிவிடுகிறதே என்று பலர் கவலைப்படுவார்கள். பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியம் அணு கழன்றுவிடுவதால் அந்த நிறம். கீரையின் கரோட்டின் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. நிறத்தைக் காப்பாற்ற ஆப்ப சோடா போடுவதுதான் வைட்டமின்களைக் கெடுக்கும். மாறாக அந்தோசயனினும் வைட்டமின் சியும் தண்ணீரில் போய்விடும். அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேருங்கள். நாவல், கொய்யா போன்றவற்றை அப்படியே கழுவிச் சாப்பிடுவது போதும்.

இந்தப் பதிலை, ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் யாராவது படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கீமோ, கதிரியக்கம் நடக்கும்போது ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை உங்கள் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்த பெண்களை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் அத்தகைய மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாகத் தெரிந்தது. அப்படி எடுத்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எச்சரிக்கையாக இருக்கப் போதுமான காரணம். பம்பளிமாஸ் பழம் சில மருந்துகள் உடலில் உடைவதைத் தடுத்து அவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மற்றபடி சமைத்த காய்கறிகளைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் அப்பா. அவருக்குள்ள அபாயத்தில் மிகப் பெரிய பங்கு பீடியிலிருந்து வருகிறது. எந்த நிறக் காயாலும் அதை ஈடுகட்ட முடியாது. குறைத்தது நல்ல தொடக்கம், ஆனால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பெரிதாக இறங்குவது முழுவதும் விட்ட பிறகுதான். விட்டு 10 முதல் 15 ஆண்டுகளில் அது தொடர்ந்து புகைப்பவரின் அபாயத்தில் ஏறத்தாழ பாதியாகிறது. 61 வயதில் விடுவதற்கும் நல்ல பயன் உண்டு. தானாக விட முடியவில்லை என்றால் அது அவருடைய மன உறுதியின் குறை அல்ல, நிகோடினின் பிடி. நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துப் போனால் நிகோடின் சூயிங்கம், மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், குரல் கம்மிப் போதல் இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். காசநோய்க்கும் இதே அறிகுறிகள் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவார்கள். பெரியப்பாவுக்கு வந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த மாத்திரை டப்பா ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டா கரோட்டின், கலப்புக் கரோட்டினாய்டு, வைட்டமின் ஏ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ அவர் எடுக்கும் மற்ற மருந்துகளின் சீட்டோடு அந்த டப்பாவையும் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாதாமாதம் அதற்குக் கொடுக்கவிருந்த பணத்தில் வாரம் இரண்டு கட்டு முருங்கைக்கீரையும், கொஞ்சம் மஞ்சள் பூசணியும், அந்தந்தப் பருவத்துப் பழமும் வாங்கினால் வீட்டில் எல்லோருக்குமே கிடைக்கும்.